எண்பத்தைந்தாவது வண்டியின் வேகம்: நகரச் சாலைகளின் வேக வரம்பை யார் தீர்மானிப்பது?

ஒரு நகரச் சாலையில் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதை யார் முடிவு செய்ய வேண்டும்? சட்டமன்றமா, நகராட்சியா, பொறியாளரா, போலீஸா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்த பதில் வேறு: அந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களே முடிவு செய்கிறார்கள். அவர்களுடைய வேகத்தை ரேடார் கருவியால் அளக்க வேண்டும். நூறு வண்டிகளை மெதுவானதில் தொடங்கி வேகமானதுவரை வரிசைப்படுத்த வேண்டும். எண்பத்தைந்தாவது வண்டி என்ன வேகத்தில் போனதோ, அதையொட்டி வேக வரம்புப் பலகையை நட வேண்டும்.

புள்ளியியலில் இதற்கு 85ஆவது சதமானம் என்று பெயர். நூற்றில் எண்பத்தைந்து பேர் இந்த வேகத்திலோ இதற்குக் கீழோ போகிறார்கள், மீதிப் பதினைந்து பேர் மீறுகிறார்கள் என்பது பொருள். அறிவியல்பூர்வமானது, நடுநிலையானது என்று அரை நூற்றாண்டுக்கு மேல் பாராட்டப்பட்ட இந்த விதி இப்போது கடும் விமர்சனத்துக்கு உள்ளாகியிருக்கிறது. அது எப்படிப் பிறந்தது, எந்த ஆதாரத்தின்மேல் நிற்கிறது, எங்கே சறுக்கியது, அதன் இடத்தில் என்ன வந்துகொண்டிருக்கிறது என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

அளக்கும் முறை

கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் 627ஆவது பிரிவு, ‘பொறியியல் மற்றும் போக்குவரத்து ஆய்வு’ என்றால் என்ன என்று வரையறுக்கிறது. மூன்று விஷயங்களை அதில் பார்க்க வேண்டும்: சாலையில் நிலவும் வேகம், அங்கு நடந்த விபத்துகளின் பதிவு, ஓட்டுநரின் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சாலைச் சூழ்நிலைகள். மூன்றில் முதலாவதுதான் நடைமுறையில் கோலோச்சியது.

கணக்கெடுப்புக்குச் சில மரபுகள் உண்டு. போலீஸ் அடையாளம் இல்லாத வண்டியில் உட்கார்ந்து அளக்க வேண்டும். இல்லாவிட்டால் பார்த்தவுடன் எல்லோரும் பிரேக்கை மிதிப்பார்கள். சிக்னலுக்கும் நிறுத்தப் பலகைக்கும் தள்ளி, இரு சந்திப்புகளுக்கு நடுவே இடம் தேர வேண்டும். மழை இல்லாத வார நாளில், நெரிசல் இல்லாத நேரமாகப் பார்க்க வேண்டும். முன்னால் போகும் வண்டியால் தடைபடாமல் தன் விருப்பத்துக்குப் போகும் வண்டிகளையே கணக்கில் சேர்க்க வேண்டும். நான்கு வண்டிகள் கூட்டமாக வந்தால் முதல் வண்டியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சாதாரணமாக நூறு வண்டிகளை அளந்தால் போதும்.

ஏன் எண்பத்தைந்து, ஏன் தொண்ணூறு அல்ல? தடையின்றி ஓடும் வண்டிகளின் வேகங்களை வரைபடமாக்கினால் பெரும்பாலும் மணி வடிவ வளைவு கிடைக்கும். சராசரிக்கு மேல் ஒரு திட்டவிலக்கம் தள்ளிப் போனால் ஏறத்தாழ 84 விழுக்காட்டில் நிற்போம். அதற்கு மேல் எண்ணிக்கை விரைவாகத் தேய்ந்துவிடுகிறது. எஞ்சியவர்கள் கூட்டத்தை விட்டு விலகி ஓடுகிறவர்கள். பெரும்பான்மையின் நடத்தைக்கும் விதிவிலக்குகளுக்கும் நடுவே கோடு போட வசதியான இடம் அது.

கிடைத்த எண்ணை 5 மைலின் அருகிலுள்ள மடங்குக்கு முழுமையாக்குவார்கள். பிறகு, தக்க காரணத்தை எழுதிவைத்து இன்னொரு 5 மைல் குறைக்கலாம். 85ஆவது சதமானம் மணிக்கு 37 மைல் என்றால் 35 ஆகும், காரணம் இருந்தால் 30 (சுமார் 48 கி.மீ.) வரை இறக்கலாம். அதே எண் 38 என்றால் முழுமையாக்கியதும் 40 ஆகிவிடும், இறக்கினாலும் 35 (56 கி.மீ.) தான். 40க்கு ஏற்றாமல் நேராக 35க்கு இறக்க நகராட்சிக்கு அனுமதி தந்த 2011ஆம் ஆண்டுச் சட்டமும், அப்படிச் செய்தால் அதற்கு மேல் குறைக்கக் கூடாது என்றே நிபந்தனை போட்டது. அளவெடுத்த நாளில் ஒரு மைல் கூடக் குறைய இருந்தாலே, பல ஆண்டுகளுக்குப் பலகையில் 5 மைல் மாறிவிடும்.

வேகப்பொறி பற்றிய அச்சம்

இத்தனை கெடுபிடி ஏன் வந்தது என்பதற்கு விடை பொறியியலில் இல்லை. போலீஸ் மீதான அவநம்பிக்கையில் இருக்கிறது. கார்கள் பெருகத் தொடங்கிய காலத்தில் சாலையில் இரண்டு புள்ளிகளைக் குறித்துவைத்து, மறைந்திருந்து நிறுத்துக் கடிகாரத்தால் நேரம் பார்த்து வண்டிகளை மடக்குவது அமெரிக்கச் சிற்றூர்களில் வருமானம் தரும் தொழிலாக இருந்தது. வெளியூர்க்காரரிடம் அபராதம் கறந்தால் உள்ளூர்க்காரருக்கு வரிச்சுமை குறையும். கலிபோர்னியா 1923இலேயே இத்தகைய ‘வேகப்பொறி’களைச் சட்டத்தால் தடை செய்தது.

ரேடார் வந்த பிறகு அதே அச்சம் புது உருவம் எடுத்தது. வேண்டுமென்றே குறைவான வரம்பைப் பலகையில் எழுதிவிட்டு ரேடாரோடு காத்திருந்தால் அதுவும் பொறிதானே? ஆகவே வாகனச் சட்டத்தின் 40802ஆவது பிரிவு பொறியின் பொருளை விரித்தது. செல்லுபடியாகும் ஆய்வு வரம்பை நியாயப்படுத்தாத சாலையில் ரேடார் கொண்டு வேகம் பிடித்தால் அது வேகப்பொறி. அப்படிக் கிடைத்த சான்றை நீதிமன்றம் ஏற்காது. ஆய்வுக்கு அடிப்படை ஆயுள் ஐந்தாண்டு. கூடுதல் நிபந்தனைகளோடு அதை நீட்டிக்கலாம். குறுகலான, நீளம் குறைந்த உள்தெருக்களுக்கு விலக்கு உண்டு. குடியிருப்புப் பகுதிகளுக்கு மணிக்கு 25 மைல் (40 கி.மீ.) என்று சட்டமே வகுத்திருக்கிறது. பிரச்சினை முழுவதும் கடைகளும் பேருந்து நிறுத்தங்களும் உள்ள அகலமான நகரப் பெருஞ்சாலைகளில்தான். அங்கே ஆய்வு இல்லையென்றால் ரேடார் இல்லை. ரேடார் இல்லையென்றால் பலகை வெறும் தகரம்.

இந்த அச்சத்தைக் கேலி செய்துவிட முடியாது. அபராதத்தால் அதிகம் நொடிந்துபோகிறவர்கள் ஏழைகள். எந்தச் சாலையில் யாரை நிறுத்துவது என்ற அதிகாரம் கறுப்பினத்தவர்மீது எப்படிப் பாய்கிறது என்பதையும் அமெரிக்கா அறியும். பெரும்பான்மையினரைக் குற்றவாளியாக்கும் சட்டம் மதிப்பிழக்கும் என்ற வாதமும் இதன் தொடர்ச்சிதான்.

சாலமன் வளைவு

விதிக்கு அறிவியல் அங்கீகாரம் தந்தது டேவிட் சாலமன் 1964இல் வெளியிட்ட ஆய்வு. 11 மாநிலங்களில் 600 மைல் சாலையில் 1950களில் நடந்த விபத்துகளில் சிக்கிய சுமார் 10,000 ஓட்டுநர்களின் பதிவுகளை அவர் ஆராய்ந்தார். போக்குவரத்தின் சராசரியை ஒட்டிப் போகிறவர்களுக்கு விபத்து வாய்ப்பு குறைவு, மிக வேகமாகப் போகிறவர்களுக்கும் மிக மெதுவாகப் போகிறவர்களுக்கும் அதிகம் என்பது அவருடைய முடிவு. வரைபடத்தில் அது ஆங்கில ‘யூ’ எழுத்தைப் போல வளைந்தது. ஆபத்து வேகத்தில் இல்லை, வேக வேறுபாட்டில் இருக்கிறது என்று இதற்குப் பொருள் கொண்டார்கள். வரம்பை மக்கள் போகும் வேகத்துக்கு அருகில் வைத்தால் எல்லோரும் ஒரே சீராகப் போவார்கள், விபத்து குறையும் என்பது அடுத்த படி.

இந்த ஆய்வைப் பற்றி மூன்று விஷயங்கள் முக்கியமானவை. முதலாவது, சாலமன் ஆராய்ந்தவை ஊர்ப்புறப் பிரதான நெடுஞ்சாலைகள். நடைபாதையும் பள்ளிக்கூடமும் உள்ள நகரத் தெருக்கள் அல்ல. இரண்டாவது, விபத்துக்கு முன் வண்டி எந்த வேகத்தில் போனது என்பது விபத்து அறிக்கைகளிலிருந்து எடுக்கப்பட்ட மதிப்பீடு. மூன்றாவது, ‘மெதுவாகப் போனவர்கள்’ என்று கணக்கில் ஏறியவர்களில் பலர் திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்தவர்கள். 1971இல் வெஸ்ட், டன் என்ற ஆய்வாளர்கள் திரும்பும் வண்டிகளை நீக்கிப் பார்த்தபோது மெதுவாகப் போவதன் ‘ஆபத்து’ பெருமளவு கரைந்துபோனது.

நகரத்துக்கே உரிய ஆய்வு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து 1997இல் வந்தது. 60 கி.மீ. வரம்புள்ள சாலைகளில், அதற்கு மேல் ஒவ்வொரு 5 கி.மீ. கூடும்போதும் காயம் விளைவிக்கும் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று கிளோடனும் சகாக்களும் கண்டார்கள். மெதுவாகப் போகிறவர்களுக்குக் கூடுதல் ஆபத்து எதுவும் அங்கே தென்படவில்லை.

கணக்கில் வராதவர்கள்

சாலமன் வளைவை ஒதுக்கிவைத்தாலும் விதிக்குள்ளேயே மூன்று குறைகள் இருக்கின்றன.

ஒன்று, அது தன்னைத்தானே ஏற்றிக்கொள்ளும். வரம்பை 35இலிருந்து 40க்கு உயர்த்தினால் ஓட்டுநர்களில் ஒரு பகுதியினர் 40ஐத் தாண்டிப் போவார்கள். அடுத்த ஆய்வில் அந்த வேகம் பதிவாகும். வரம்பு 45க்கு நகரும். சட்டத்தை மீறுகிறவர்களே அடுத்த சட்டத்தை எழுதுகிறார்கள். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சுழற்சியைச் சுட்டிக்காட்டி, இவ்விதியைச் சார்ந்திருப்பதைக் கைவிடும்படி பரிந்துரைத்தது.

இரண்டு, ஓட்டுநர் தேர்ந்தெடுக்கும் வேகம் அவருடைய தீர்ப்பு மட்டுமல்ல. சாலை அவருக்குச் சொன்ன சேதியும்கூட. நெடுஞ்சாலைக்கு ஏற்ற 12 அடித் தடங்களும் நேர்கோடும் அகன்ற திருப்பங்களும் உள்ள நகரச் சாலை, பலகையில் என்ன எழுதியிருந்தாலும், வேகமாகப் போகவே சொல்கிறது. கணக்கெடுப்பு அளப்பது பெரும்பாலும் பொறியாளர் முன்பு வரைந்த வரைபடத்தை. அதையே ஆதாரமாக வைத்து வரம்பை நிர்ணயித்தால் பழைய வடிவமைப்பின் பிழைக்குச் சட்ட அந்தஸ்து கிடைத்துவிடுகிறது.

மூன்றாவது மிகவும் அடிப்படையானது. ரேடார் கருவி வண்டிகளை மட்டும் எண்ணுகிறது. சாலையைக் கடக்கக் காத்து நிற்கும் முதியவர், சைக்கிளில் போகும் மாணவி, வேகத்துக்குப் பயந்து அந்தத் தெருப்பக்கமே வராதவர் ஆகிய எவரும் அந்த நூறு பேரில் இல்லை. நெரிசல் இல்லாத நேரத்தில் தடையின்றிப் போகிறவர்களை மட்டும் அளப்பதால், சாலை அதிகம் பயன்படும் நேரத்தில் அங்கிருப்பவர்களும் விடுபடுகிறார்கள்.

விடுபட்டவர்களின் உடல் எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்பது தெரிந்த விஷயம். அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கத்தின் போக்குவரத்துப் பாதுகாப்பு அறக்கட்டளை 2011இல் வெளியிட்ட கணக்குப்படி, மணிக்கு 23 மைல் (37 கி.மீ.) வேகத்தில் கார் மோதினால் நடந்துபோகிறவர் இறக்கும் வாய்ப்பு சராசரியாக 10 விழுக்காடு. 32 மைலில் (51 கி.மீ.) அது 25 விழுக்காடு, 42 மைலில் (68 கி.மீ.) 50 விழுக்காடு. ரேடார் முன் சின்னதாகத் தெரியும் வித்தியாசம் சாலையைக் கடப்பவருக்கு உயிர் வித்தியாசம். அமெரிக்காவில் 2009இல் சாலைகளில் இறந்த பாதசாரிகள் 4,100 பேர் அளவில் இருந்தார்கள். 2022இல் 7,500ஐத் தாண்டினார்கள். பெரிய வண்டிகள், இருட்டு, கைபேசி எனப் பல காரணங்கள் இதற்கு உண்டு. ஆனால் பாதசாரிகள் கொத்துக்கொத்தாகச் சாவது வேகமான, அகன்ற நகரப் பெருஞ்சாலைகளில் என்பது எல்லா ஆய்வுகளும் ஒப்புக்கொள்ளும் செய்தி.

லாஸ் ஏஞ்சலஸின் நெருக்கடி

விதியின் முரண்பாடு முழுதாக வெளிப்பட்ட இடம் லாஸ் ஏஞ்சலஸ். 2025க்குள் சாலை மரணத்தைப் பூஜ்யமாக்குவோம் என்று 2015இல் அந்நகர நிர்வாகம் அறிவித்தது. பாதசாரிகளின் மரணங்களிலும் படுகாயங்களிலும் சுமார் 70 விழுக்காடு நகரத் தெருக்களில் வெறும் 6 விழுக்காட்டில் நடப்பதையும் கண்டறிந்தது. எங்கே வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

ஆனால் பல பெருஞ்சாலைகளின் ஆய்வுகள் காலாவதியாகியிருந்தன. அங்கே போலீஸால் ரேடார் பிடித்து அபராதம் போட முடியவில்லை. புதிய ஆய்வு நடத்தினால் 85ஆவது சதமானம் பழைய வரம்பைவிட மேலே நின்றது. ஆக நகரத்தின்முன் இரண்டே வழிகள்: குறைந்த வரம்பை வைத்துக்கொண்டு அமலாக்கத்தைக் கைவிடுவது, அல்லது வரம்பை உயர்த்தி அமலாக்க உரிமையைத் திரும்பப் பெறுவது. 2018இல் நகர மன்றம் இரண்டாவதைத் தேர்ந்து, 100 மைலுக்கும் மேற்பட்ட தெருக்களில் வேக வரம்பை உயர்த்தியது. மரணத்தை ஒழிக்கப் புறப்பட்ட நகரம் வேகத்தை அனுமதிக்கும் தீர்மானத்தில் கையெழுத்திட்டது.

பலகையை மாற்றினால் போதுமா?

85ஐ ஆதரிப்பவர்களிடம் ஒரு வலுவான வாதம் மிச்சம் இருக்கிறது: பலகையை மாற்றினால் யாரும் வேகத்தை மாற்றிக்கொள்வதில்லை என்பது அது. கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகத்துக்காக மார்ட்டின் பார்க்கர் 22 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், வரம்பை ஏற்றியபோதும் இறக்கியபோதும் சராசரி வேகம் பெரும்பாலும் 1.5 மைலுக்கும் குறைவாகவே மாறியது.

பாஸ்டன் அனுபவம் இதற்கு ஒரு திருத்தம் சொல்கிறது. 2017 ஜனவரியில் அந்நகரம் பொது வேக வரம்பை 30இலிருந்து 25 மைலாகக் குறைத்தது. நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் அடுத்து அளந்தபோது, 25 மைலைத் தாண்டும் வாய்ப்பு 2.9 விழுக்காடுதான் குறைந்திருந்தது. 30ஐத் தாண்டும் வாய்ப்பு 8.5 விழுக்காடு குறைந்திருந்தது. 35ஐத் தாண்டும் வாய்ப்போ 29.3 விழுக்காடு சரிந்திருந்தது. சராசரியை மட்டும் பார்த்தால் ஒன்றும் நடக்காதது போலத் தெரியும். உயிரைக் குடிக்கும் அதிவேகங்களில்தான் மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால், பலகை சர்வரோக நிவாரணியும் அல்ல, வெற்றுத் தகரமும் அல்ல என்ற முடிவுக்கே வர முடியும்.

வேறு திசையிலிருந்து தொடங்குவது

ஐரோப்பா கேள்வியையே திருப்பிப் போட்டது. ஸ்வீடன் 1997இல் ஏற்றுக்கொண்ட ‘பூஜ்ய மரண’க் கொள்கை, ஓட்டுநர் எவ்வளவு வேகமாகப் போகிறார் என்று கேட்பதில்லை, மோதல் நடந்தால் மனித உடல் எவ்வளவு தாங்கும் என்று கேட்கிறது. பாதசாரிகளும் வண்டிகளும் கலக்கும் இடத்தில் விடை மணிக்கு 30 கி.மீ. அளவில் வந்து நிற்கிறது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் 1992இலேயே முக்கியச் சாலைகள் தவிர மற்றெல்லாத் தெருக்களுக்கும் 30ஐக் கொண்டுவந்தது. ஸ்பெயின் 2021இல் திசைக்கு ஒரு தடம் உள்ள நகரத் தெருக்களுக்கெல்லாம் 30 என்று விதித்தது. 2023 செப்டம்பரில் வேல்ஸ் பொது வரம்பை 30 மைலிலிருந்து 20 மைலுக்கு (32 கி.மீ.) இறக்கியபோது, எதிர்த்து நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். மக்களின் சம்மதம் இல்லாத வரம்பு அரசியல் விலை கேட்கும் என்ற பழைய எச்சரிக்கையில் உண்மை இருப்பதை அது காட்டியது.

85ஆவது சதமானம் நமக்கும் அந்நியமானதல்ல. தமிழ்நாட்டில் சிவில் இன்ஜினியரிங் படித்தவர்கள் கன்னா–ஜஸ்டோ பாடநூலில் இதைக் கடந்துதான் வந்திருப்பார்கள்: 98ஆவது சதமானம் வடிவமைப்புக்கு, 85ஆவது மேல் வரம்புக்கு, 15ஆவது கீழ் வரம்புக்கு. தேர்வில் கணக்காகப் போட்டு மதிப்பெண் வாங்கிய அந்த விதிக்கு அங்கீகாரம் தந்த ஆய்வு ஊர்ப்புற நெடுஞ்சாலையில் பிறந்தது என்பதையும், நகரத் தெருவுக்கு அது பொருந்துமா என்பது திறந்த கேள்வி என்பதையும் வகுப்பறையில் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டு வேலை, ஒரே எண்

கலிபோர்னியாவின் நீண்ட அனுபவம் காட்டுவது இதுதான்: ஒரே எண்ணிடம் இரண்டு வேலைகளை ஒப்படைத்தார்கள். ஓட்டுநரைப் போலீஸின் தன்னிச்சையிலிருந்து காப்பது ஒன்று. தெருவின் பாதுகாப்பான வேகத்தைச் சொல்வது மற்றொன்று. முதல் வேலையை 85ஆவது சதமானம் ஓரளவு செய்தது. இரண்டாவதுக்கு அது தகுதியானதே அல்ல. முதல் வேலைக்கு வேறு கருவி கிடைக்காத வரை இரண்டாவதையும் அதன் தலையில் கட்டிவைத்தார்கள்.

அண்மைச் சீர்திருத்தங்களின் உண்மையான சாதனை இந்த இரண்டையும் பிரிக்கத் தொடங்கியதுதான். அப்போது மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த லாரா ஃப்ரீட்மேன் முன்மொழிய, 2021 அக்டோபரில் கையெழுத்தான ஏபி 43 சட்டம், விபத்து மிகுந்த பாதுகாப்புத் தடங்களிலும் பாதசாரிகளும் சைக்கிளில் போகிறவர்களும் செறிந்த இடங்களிலும் கூடுதலாக 5 மைல் குறைக்க நகராட்சிகளை அனுமதித்தது. கடைவீதிகளுக்கு 20 அல்லது 25 மைல் வைக்கலாம் என்றது. முன்பு உயர்த்திய வரம்பைப் பழைய நிலைக்கு இறக்கவும் வழி திறந்தது. லாஸ் ஏஞ்சலஸ் 2022இல் 177 மைல் தெருக்களில் வரம்பைத் திரும்ப இறக்கியது. நாடு முழுமைக்குமான போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் கையேடும் மாறியது. 2009 பதிப்பு, வரம்பு 85ஆவது சதமானத்துக்கு 5 மைலுக்குள் இருக்க வேண்டும் என்று சொன்னது. 2023 டிசம்பரில் வந்த 11ஆவது பதிப்பு அதைப் பல காரணிகளில் ஒன்றாக்கிவிட்டது.

போலீஸ் பற்றிய அச்சத்துக்குத் தனி விடை தேடியது 2023இன் ஏபி 645 சட்டம். லாஸ் ஏஞ்சலஸ், சான் ஹோசே, ஓக்லாண்ட், கிளென்டேல், லாங் பீச், சான் பிரான்சிஸ்கோ ஆகிய ஆறு நகரங்களில் வேகக் கேமராக்களைச் சோதனை முறையில் அனுமதித்த அச்சட்டம், வரம்பைவிட 11 மைல் கூடினால்தான் அபராதம் என்றது. அபராதம் 50 டாலரில் தொடங்குகிறது. உரிமத்தில் புள்ளி ஏறாது. வருமானம் குறைந்தவர்களுக்குச் சலுகை உண்டு. கிடைக்கும் பணத்தைச் சாலை வேகத்தைத் தணிக்கும் பணிகளில் போட வேண்டும். அபராதம் கஜானாவை நிரப்பும் வழியாகிவிடக் கூடாது என்ற நூறாண்டுக் கவலைக்கு, வேக வரம்பைத் தொடாமலே ஒரு விடை கிடைத்திருக்கிறது.

அப்படியானால் கணக்கெடுப்பே வேண்டாமா? கட்டாயம் வேண்டும், அதை வரிசையில் இடம் மாற்றி வைக்க வேண்டும். முதலில் அந்தத் தெருவில் யார் யார் நடமாடுகிறார்கள், என்ன விபத்துகள் நடந்தன என்று பார்த்து வரம்பை நிர்ணயிக்க வேண்டும். அதன் பிறகு ரேடாரை எடுத்து அளக்க வேண்டும். வரம்பு 25 என்றிருக்கும் இடத்தில் எண்பத்தைந்தாவது வண்டி 38இல் போகிறது என்றால், பலகையை 35க்கு மாற்றச் சொல்லும் சான்றாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. அந்தச் சாலையின் தடத்தைக் குறுக்கவும், கடக்கும் இடத்தில் நடுத்திட்டு கட்டவும், சிக்னல் நேரத்தை மாற்றவும், முடியாத இடத்தில் கேமரா வைக்கவும் பணம் ஒதுக்கச் சொல்லும் சான்று அது. வேலை முடிந்ததும் மறுபடியும் அளந்து, அந்த எண் இறங்கியதா என்று பார்க்கலாம். கணக்கெடுப்பில் வந்த எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் முதல் ஆள் சாலையைக் கட்டிய துறைதான்.